அது எதற்கு மாதிரி? டயாலிசிஸ் வரலாற்றில் ஒரு சொல்லும் சில விலங்குகளும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

அண்மையில் ஆய்வு மாணவர் கருத்தரங்கு ஒன்றில், உயிரியல் துறைத் தோழர் ஒருவர் டயாலிசிஸ் நோயாளிகளின் கையில் அமைக்கப்படும் இரத்தக்குழாய் இணைப்பைப் பற்றிப் பேசினார். அந்த இணைப்பு நாளடைவில் குறுகி அடைபடுகிறது. அதைத் தடுக்க எத்தனையோ மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. அவர் காட்டிய படங்களில் ‘பன்றி மாதிரியில் வெற்றி’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. அதன் கீழே ‘நோயாளிகளிடம் பயன் நிறுவப்படவில்லை’ என்ற வரியும் கிட்டத்தட்ட அதே அளவில் வந்தது. இறுதியில் பின்வரிசையிலிருந்து ஒரு முதலாண்டு மாணவி கேட்டார்: “அப்படியென்றால் அது எதற்கு மாதிரி?” அரங்கு சிரித்தது. பேச்சாளரும் சிரித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டார். முதுகலையில் மொழியியல் படித்த எனக்கு அந்த வினா விளையாட்டாகத் தோன்றவில்லை. ஒரு சொல்லின் வரலாற்றையும் ஒரு மருத்துவச் சிக்கலின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் அதற்கு விடை கிடைக்கும் என்று தோன்றியது. இப்பதிவு அந்த முயற்சி.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தில் செலுத்தித் தூய்மை செய்து திருப்பித் தர வேண்டுமானால், நிமிடத்திற்குச் சில நூறு மில்லிலிட்டர் இரத்தம் தடையின்றி வெளிவர வேண்டும். தோலுக்கு அடியில் தெரியும் சிரைகளில் அவ்வளவு ஓட்டம் இல்லை. ஓட்டமுள்ள தமனிகளோ ஆழத்தில் இருப்பவை. திரும்பத் திரும்பக் குத்தினால் தாங்காதவை. வாரம் மூன்று முறை, முறைக்கு இரண்டு ஊசிகள் என்று கணக்கிட்டால் ஓராண்டில் 312 குத்துகள். இத்தனையையும் தாங்கும் ஒரு வாசலை உடலில் அமைப்பதே சிக்கல். இன்று பெரும்பாலும் முன்கையில் ஒரு தமனியைப் பக்கத்துச் சிரையுடன் நேரடியாகத் தைத்து அந்த வாசலை அமைக்கிறார்கள். அதுவே ஃபிஸ்டுலா. சிரை பொருந்தாதவர்க்குச் செயற்கைக் குழாய் ஒன்றை இடையில் வைத்துத் தைக்கிறார்கள். இரண்டிலும் பொதுவான எதிரி குறுக்கம். இணைப்பை ஒட்டிய சிரையின் உள்ளடுக்கு தடித்து, குழாயின் வாய் சிறுத்து, ஒருநாள் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. இயந்திரம், மருத்துவர், மருந்து எல்லாம் இருந்தும் அன்று நோயாளிக்கு டயாலிசிஸ் இல்லை.

‘டயாலிசிஸ்’ என்ற சொல்லை இன்றைய அறிவியல் பொருளில் 1861-ல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். அவர் மனத்தில் இருந்தவை கூழ்மங்களும் படிகப்பொருள்களும், நோயாளி இல்லை. நம் பள்ளி வேதியியல் நூல்கள் ‘கூழ்மப்பிரிப்பு’ என்று சொல்வது அந்தப் பழைய பொருளைத்தான். அச்சொல் ஆய்வுக்கூடக் குடுவையிலிருந்து உயிருள்ள உடலுக்குள் நுழைந்த இடத்தில் நாய் நிற்கிறது. 1913-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபெல் தம் இரு துணைவர்களுடன் சேர்ந்து, நாயின் தமனியிலிருந்து வரும் இரத்தத்தைக் கொலோடியன் குழாய்களின் வழியே செலுத்திச் சிரைக்குத் திருப்பினார். இரத்தம் உறையாமல் இருக்க அட்டைகளின் தலையிலிருந்து எடுத்த ஹிருடின் பயன்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையின் தலைப்பு, ‘உயிருள்ள விலங்குகளின்’ சுற்றோட்டக் குருதியிலிருந்து பொருள்களை நீக்குவதைப் பற்றிப் பேசுகிறது. இத்தலைப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அங்கே விலங்கு விலங்காகவே நிற்கிறது. வேறொன்றின் மாதிரியாக நிற்கவில்லை. ஹிருடினின் இடத்தைப் பின்னர் ஹெப்பாரின் எடுத்துக்கொண்டது. அதுவும் 1916-ல் நாயின் கல்லீரலை ஆராய்ந்தபோது அதே பல்கலைக்கழகத்தில் தென்பட்டதுதான். கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் பெயரிலேயே தங்கிவிட்டது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, குழாயோடு குழாயைத் தைக்கும் கலையும் நாய்களின் உடலில்தான் பழகப்பட்டது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெல் 1902-ல் லியோன் நகரில், இரத்தக்குழாயின் வட்ட வாயை மூன்று தையல்களால் முக்கோணமாக இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று சார்லஸ் கத்ரியுடன் சேர்ந்து, சிரைத் துண்டுகளை எடுத்துத் தமனிகளின் நடுவே பொருத்தினார். 1912-ல் நோபல் பரிசு பெற்றார். நம் பொருளுக்கு முதன்மையானது அந்தச் சோதனைகளின் ஒரு குறிப்பு. தமனி அழுத்தத்திற்கு ஆளான சிரையின் சுவர் தடித்தது. அவர்கள் அதைப் புதிய வேலைக்குச் சிரை தன்னைப் பழக்கிக்கொள்வதாகவே கண்டார்கள். அதே தடிப்பு அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு நோயின் பெயரைப் பெறவிருந்தது. ஒரே நிகழ்வு, எந்த வினாவுடன் அதை அணுகுகிறோம் என்பதைப் பொறுத்துத் தகவமைப்பாகவும் தெரியலாம், கேடாகவும் தெரியலாம்.

மனிதரிடம் டயாலிசிஸ் வந்தபோது வாசலின் அருமை உடனே புரிந்தது. 1924-ல் ஜெர்மனியின் கீசன் நகரில் கியோர்க் ஹாஸ் நாய்களில் பழகியபின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள் டயாலிசிஸ் செய்தார். 1943-ல் நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் கம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப், கொத்திறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையை மரச் சட்டங்களால் ஆன உருளையில் சுற்றித் தம் இயந்திரத்தை அமைத்தார். அவருடைய முதல் நோயாளி ஓர் இளம்பெண். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு முறைகளுக்குப் பின் திறப்பதற்குக் குழாய் இல்லை. இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது, வாசல்கள் தீர்ந்துபோயின. டயாலிசிஸ் வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்தப் பெண்ணின் கதையிலிருந்து தொடங்கினால் அது வாசல்களின் வரலாறாகிவிடும்.

1960 மார்ச் மாதம் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னரும் அவர் குழுவினரும் ஒரு நோயாளியின் முன்கைத் தமனியிலும் சிரையிலும் டெஃப்லான் குழாய்களைச் செருகி, டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் வெளியே வளைகுழாயால் இணைத்துவைத்தனர். இரத்தம் இடைவிடாது ஓடியதால் உறையவில்லை. விமானத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த அந்த நோயாளி மேலும் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்பது மரணத் தீர்ப்பு என்ற நிலை அன்று மாறியது. ஆயினும் தோலைத் துளைத்து நின்ற அக்குழாய்களில் தொற்றும் உறைவும் ஓயாத தொல்லைகளாக இருந்தன.

அடுத்த பெரும் படி, விலங்குக் கூடத்தின் வழியே வராதது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிரையை வெட்டி இரத்தம் வெளியேற்றுவது பொதுவான சிகிச்சை. முழங்கையில் கத்தி சிரையைக் கடந்து அடியில் உள்ள தமனியையும் கீறிவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே ஓட்டமாகிவிடும். 1757-ல் லண்டனில் வில்லியம் ஹண்டர் இதை விவரித்தார். அந்த இடத்தில் கையை வைத்தால் உணரப்படும் அதிர்வையும் பதிவு செய்தார். இப்படித் தமனியும் சிரையும் இணைந்துவிட்டாலும் மனிதர் பல்லாண்டு வாழ்கிறார், சிரை பெருக்கிறது என்பது அப்போதிருந்தே மருத்துவம் அறிந்த செய்தி. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், நியூயார்க் பிராங்ஸ் பகுதியின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மைக்கேல் பிரெஷியாவும் ஜேம்ஸ் சிமினோவும் அந்த விபத்தை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன என்று எண்ணினர். அறுவை மருத்துவர் கென்னத் ஆப்பல் 1965-ல் தைத்தார். 1966-ல் கட்டுரை வெளிவந்தது. இன்றும் முதல் தேர்வாக மருத்துவர்கள் பரிந்துரைப்பது அந்த மணிக்கட்டு ஃபிஸ்டுலாவைத்தான். லத்தீனில் ‘ஃபிஸ்டுலா’ என்றால் குழல், நாணற்குழாய். தமிழ் மருத்துவ நூல்களில் அதைப் ‘புரை’ என்கிறோம். புரையோடிய புண் என்ற வழக்கில் உள்ள அதே புரை. கேட்டின் பெயரே காப்பின் பெயராகி, வார்டுகளில் நோயாளிகள் “என் ஃபிஸ்டுலா” என்று உரிமையோடு சொல்லும் சொல்லாகிவிட்டது.

1970-களில் ஃபிஸ்டுலாவுக்கு ஏற்ற சிரை இல்லாதவர்கள் பெருகினர்: முதியோர், நீரிழிவு நோயாளிகள். அவர்களுக்காக மாட்டின் கழுத்துத் தமனியும், பின்னர் விரிவாக்கப்பட்ட டெஃப்லான் குழாயும் வந்தன. செயற்கைக் குழாய் சிரையைச் சந்திக்கும் இடத்தில் குறுக்கம் விரைந்து தோன்றியது. 1980-களின் இறுதியில், நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்ட குழாய்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் மென்தசைச் செல்களும் நார்ப்பொருளும் உள்ளடுக்கில் குவிந்திருப்பதைக் காட்டினர். இதற்கு மருந்து காண வேண்டும் என்ற தேவை பிறந்தது. விலங்கு ‘மாதிரி’ ஆனதும் இங்கேதான். டச்சு, அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் பன்றியின் கழுத்திலும் தொடையிலும் தமனிக்கும் சிரைக்கும் இடையே செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தன. நான்கு வாரங்களுக்குள் உள்ளடுக்கு கடுமையாகத் தடித்தது. செம்மறியாட்டிலும் நாயிலும் இவ்வாறே செய்தனர். சுண்டெலியிலும் எலியிலும் நுண்ணோக்கியின் கீழ் ஃபிஸ்டுலா தைத்தனர். 2002-ல் சின்சினாட்டி ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் ‘பன்றி மாதிரி’ என்றே இருக்கிறது. ஏபெலின் ‘உயிருள்ள விலங்குகள்’ தொண்ணூறு ஆண்டுகளுக்குள் ‘மாதிரி’ ஆகிவிட்டன.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புற்றுநோயோ நீரிழிவோ இயற்கையில் தோன்றும் நோய்கள். எலியில் அவற்றை உண்டாக்கும்போது இரண்டும் ஒன்றுதானா என்ற ஐயம் எப்போதும் எழும். இந்தக் குறுக்கமோ மனிதரிடமும் அறுவையால் உண்டாவது. அதே தையல், அதே குழாய், அதே அழுத்தம். ஆகவே வேறெந்த நோயையும்விட இங்கே விலங்கு மனிதருக்கு நெருங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பு பலமுறை பொய்த்தது என்பதே இவ்வரலாற்றின் பாடம்.

சில நிகழ்வுகளைச் சொல்கிறேன். இதயத் தமனியை பலூனால் விரித்தபின் மீண்டும் ஏற்படும் குறுக்கம் இதன் நெருங்கிய உறவு. முன்னோட்டம் அங்கே நிகழ்ந்தது. 1989-ல் சிலாசாப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்து, எலியின் கழுத்துத் தமனியில் உள்ளடுக்குத் தடிப்பை வெகுவாகக் குறைத்தது. 1992-ல் வெளிவந்த மனிதச் சோதனையில் பயனில்லை. எலிக்குத் தந்த அளவு, உடல் எடையோடு ஒப்பிட, மனிதருக்குத் தந்ததைவிடப் பன்மடங்கு. பின்னர், முயல்களின் சிரைகளில் தடிப்பைத் தடுத்த எடிஃபோலிகைடு என்ற மரபணு மருந்து, இதய மாற்றுவழி அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 3,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2005-ல் பயனற்றது என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டச்சு ஆய்வாளர்கள், குழாயின் உட்புறத்தில் உட்சுவர்ச் செல்கள் விரைந்து படிய வகைசெய்யும் எதிர்ப்பொருள் பூச்சைப் பன்றிகளில் சோதித்தனர். செல்கள் எதிர்பார்த்தபடியே படிந்தன; தடிப்போ கூடிவிட்டது. இதை ஒளிக்காமல் தலைப்பிலேயே வெளியிட்டார்கள் என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

செம்மறியாட்டில் நன்கு பயன்பட்ட, பாக்லிடாக்செல் மருந்து தோய்ந்த வலைச்சுற்று ஒன்று மனிதச் சோதனைக்கு வந்தது. மருந்துபெற்ற பிரிவில் தொற்று மிகுந்ததால் 2009-ல் சோதனை நின்றது. கணைய எலாஸ்டேஸ் நொதியைத் தைத்த இடத்தில் சொட்டுவது முயல்களில் இரத்த ஓட்டத்தைக் கூட்டியது. மனிதரிடம் நடந்த இரு பெரிய சோதனைகளும் 2016-லும் 2019-லும் தம் முதன்மை இலக்கைத் தொடவில்லை. உறைதலைத் தடுக்கும் குளோபிடோக்ரெலின் கதை வேறு வகையானது. 2008-ல் வெளிவந்த, 877 நோயாளிகள் பங்கேற்ற சோதனையில், ஃபிஸ்டுலா உறைந்துபோவது 19.5 சதவீதத்திலிருந்து 12.2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் டயாலிசிஸுக்குப் பயன்படும் அளவுக்கு முதிராத ஃபிஸ்டுலாக்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ 60 சதவீதமாகவே இருந்தன. உறைவு இறுதி நிகழ்வு மட்டுமே. சிக்கல் அதற்கு முன்பே சுவரில் தொடங்கிவிடுகிறது.

ஏன் இந்த இடைவெளி? முதற்காரணம் விலங்கின் நலம். ஆய்வுப் பன்றி இளையது, சிறுநீரகம் சீராக இயங்குவது. நோயாளியோ முதியவர், பல்லாண்டுகளாக நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் கொண்டவர், இரத்தத்தில் கழிவுகள் தேங்கியவர். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் சிறுநீரகத் திசுவைப் பெருமளவு அகற்றியபின் ஃபிஸ்டுலா அமைத்தபோது தடிப்பு கூடியது. நோயின் பின்புலம் பொருட்டானது என்பது தெளிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அறுவைக்கு முன்பே நோயாளிகளின் சிரைகளில் தடிப்பு இருப்பது காட்டப்பட்டது. அப்படியானால் தடித்த சிரைதான் தோல்விக்குக் காரணமா? 2017-ல் வெளிவந்த அமெரிக்கப் பல்மைய ஆய்வில், அறுவைக்கு முந்தைய தடிப்புக்கும் பிந்தைய குறுக்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. விலங்குகளில் பல்லாண்டுகளாக அளக்கப்பட்டது உள்ளடுக்கின் தடிப்பு. நோயாளிக்கு வேண்டியது குழாயின் வாய் அகலம். சுவர் தடித்தாலும் குழாய் வெளிப்புறமாக விரிந்துகொண்டால் வாய் குறையாது. சுவர் மெலிந்திருந்தாலும் குழாய் சுருங்கினால் வாய் அடைபடும். எளிதில் அளக்கக்கூடியதை அளந்தோம். வேண்டியதை அளந்தோமா என்பது வேறு வினா.

இரண்டாவது காரணம் காலம். பன்றியில் நான்கு வாரம். மனிதரில் மாதங்களும் ஆண்டுகளும், அதற்கிடையே நூற்றுக்கணக்கான ஊசிக்குத்துகளும். மூன்றாவது காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலான விலங்குச் சோதனைகள் தடுப்பைச் சோதித்தன. தைத்த அன்றே, நலமான சுவரில் மருந்து வைக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வரும் நோயாளியோ ஏற்கெனவே குறுகிய குழாயோடு வருகிறார், பலூனால் அது விரிக்கப்படுகிறது, சில மாதங்களில் மீண்டும் குறுகுகிறது, மீண்டும் விரிக்கப்படுகிறது. நோயாளியிடம் நடப்பது சிகிச்சை, விலங்கிடம் நடந்தது தடுப்பு. குறுகியபின் விரித்து, விரித்தபின் மருந்திட்டுப் பார்த்த விலங்குச் சோதனைகள் ஒப்பீட்டளவில் குறைவு.

இங்கே மொழியியல் மாணவனுக்குரிய ஒரு குறுக்கீடு. தமிழில் ‘மாதிரி’ மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘இரத்த மாதிரி’ என்றால் முழுமையிலிருந்து எடுத்த ஒரு பகுதி. ‘மாதிரிப் பள்ளி’ என்றால் பின்பற்றத்தக்க முன்னுரு. ‘அவன் அப்பா மாதிரி’ என்றால் ஒப்புமை. ஆங்கிலம் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொற்களைத் தருகிறது. ஆகவே அங்கே குழப்பம் இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் இம்மூன்றும் ஒளிந்திருக்கின்றன. ‘பன்றி மாதிரி’ என்னும்போது பன்றி மனித நோயின் ஒரு பகுதியைத் தருகிறதா, அதன் முன்னுருவாக இருக்கிறதா, அல்லது அதைப் போல ஏதோ ஒன்றா? நம் பேச்சுவழக்கில் “மாதிரி” என்பதற்கு ஐயத்தைக் காட்டும் நிழலும் உண்டு. “காய்ச்சல் மாதிரி இருக்கிறது” என்பவர் காய்ச்சல் என்று உறுதி சொல்லவில்லை. இந்த ஐயம் மட்டும் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் தொலைந்துபோகிறது.

1929-ல் டேனிஷ் உடலியலாளர் ஆகஸ்ட் குரோக், ஒவ்வொரு உடலியல் சிக்கலுக்கும் அதை ஆராய வசதியான ஒரு விலங்கு இருக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். அங்கே சிக்கல் முதலில், விலங்கு பின்னர். நம் வரலாற்றை அந்த அளவுகோலால் பார்த்தால், விலங்குகள் மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு விடைகூற அழைக்கப்பட்டன என்பது புலப்படும். தையல் நிற்குமா என்பது முதல் வினா. காரெலின் நாய்கள் அதற்கு நேர்மையான விடை தந்தன. அந்த விடையின் மேல்தான் இன்றைய குழாய் அறுவை நிற்கிறது. இந்தப் பொருள் உடலுக்குள் பாதுகாப்பானதா என்பது இரண்டாவது வினா. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய இதய வால்வின் முந்தைய வடிவங்கள் கைவிடப்பட்டன. நான்காவது வடிவம் செம்மறியாடுகளில் தேறியபின் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆடு அங்கே வால்வுக்கான தேர்வுக்களம். இந்த நோய் இம்மருந்துக்கு எப்படி வினையாற்றும் என்பது மூன்றாவது வினா. இதற்குத்தான் நலமான பன்றி தடுமாறுகிறது. மூன்று வினாக்களையும் ‘விலங்கு மாதிரி’ என்ற ஒரே தொடரில் அடைத்தபோது, முதலிரண்டில் கிடைத்த நம்பகம் மூன்றாவதற்கும் கடனாகப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு சொல்லையும் பேசாமல் இருக்க முடியாது. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில், இருபத்தெட்டாம் நாள் விலங்குகள் ‘பலியிடப்பட்டன’ என்ற பொருளிலேயே எழுதும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. கொல்லப்பட்டன என்ற சொல் அரிது. கொன்றவர் யார் என்பதோ செயப்பாட்டு வினைக்குள் மறைந்துவிடும். சமூகவியலாளர் மைக்கேல் லிஞ்ச் 1988-ல் இச்சொல்லை ஆராய்ந்து, உயிருள்ள விலங்கு தரவாக மாறும் சடங்கின் தடயம் அதில் இருப்பதைக் காட்டினார். பலி என்றால் பெறுபவர் ஒருவர் வேண்டும்; கைம்மாறாக ஏதேனும் கிடைக்க வேண்டும். தவறான வினாவுக்குக் கொடுக்கப்பட்ட பலியை யார் பெற்றார்?

இந்தியாவில் இவ்வினா சட்டமாகவே எழுந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. கலாக்ஷேத்ராவின் நிறுவனராக நாம் அறிந்த அவர்தான் 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர். அச்சட்டம் உயிர்காக்கும் அறிவுக்கான சோதனைகளைத் தடைசெய்யவில்லை; அவற்றை மேற்பார்வையிட ஒரு குழுவுக்கு இடமளித்தது. 1964-ல் அக்குழு அமைந்தது. சிறு விலங்குகளில் அதே முடிவை எட்ட முடியுமானால் பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று. நம் சிக்கலில் இந்த நெறி எளிதில் தீராத இக்கட்டாகிறது. சுண்டெலியில் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்கலாம், மரபணுவை மாற்றலாம். ஆனால் மனிதக் கைக்கான குழாயையும் பலூனையும் அதில் நுழைக்க முடியாது. பன்றியில் அவை நுழையும்; நோயின் பின்புலம் இராது. ‘அதே முடிவு’ எது என்று சொல்லாமல் எந்த விலங்கு போதும் என்று சொல்ல இயலாது.

வரலாறு முழுவதும் தோல்விக் கதை என்று யாரும் எண்ண வேண்டாம். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2004-ல் பன்றிகளின் இதயத் தமனியில் காட்டிய பாக்லிடாக்செல் பூசிய பலூன், பின்னர் டயாலிசிஸ் வாசலுக்கும் வந்தது. 2020-ல் 330 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஆறு மாதங்களுக்குப் பின் திறந்திருந்த குழாய்கள் மருந்துப் பலூன் பிரிவில் 82.2 சதவீதம், வெறும் பலூன் பிரிவில் 59.5 சதவீதம். மறு ஆண்டு பிரிட்டனில் வேறொரு மருந்துப் பலூனைக் கொண்டு 212 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் வேறுபாடு காணப்படவில்லை. விவாதம் தொடர்கிறது. குறிப்பிடத்தக்கது என்னவெனில், இங்கே விலங்கிடம் கேட்கப்பட்ட வினாவும் நோயாளியிடம் கேட்கப்பட்ட வினாவும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தன: பலூனால் விரித்த சுவர் மீண்டும் குறுகுமா?

2016-17 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ் இன்று மாவட்ட மருத்துவமனைகளில் இயந்திரங்கள் இயங்குகின்றன. இயந்திரங்களின் எண்ணிக்கையை நாம் செய்தியாக வாசிக்கிறோம். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எதிரே ஒரு கை இருக்கிறது. அந்தக் கையில் ஓர் அதிர்வு இருக்கிறது. ஹண்டர் 1757-ல் விரலால் உணர்ந்த அதே அதிர்வு. தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்க்க நோயாளிகளுக்குக் கற்றுத் தருகிறார்கள். அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்கிறார்கள்.

பின்வரிசை மாணவிக்கு என் விடை இது. பன்றி தையலுக்கு நல்ல தேர்வுக்களம். பொருளின் பாதுகாப்புக்கு ஓரளவு நல்ல தேர்வுக்களம். இந்த நோய்க்கு, அது எந்த வகையில் மாதிரி என்று ஒவ்வொரு முறையும் எழுதிக்காட்டப்படும் வரை, “காய்ச்சல் மாதிரி” என்பதில் உள்ள அளவுக்கே மாதிரி. ஆய்வேட்டில் ‘விலங்கு மாதிரி’ என்று எழுதும் நண்பர்கள் அதையடுத்து ஒரு வரி சேர்க்கலாம்: எதற்கு மாதிரி, எதற்கு மாதிரியன்று. அந்த இரண்டாம் பாதியை எழுதுவது கடினம். அது எழுதப்படாத இடங்களில் விலங்கும் இழந்தது, நோயாளியும் இழந்தார்.

மருத்துவ, உயிரியல் துறை நண்பர்கள் பிழை கண்டால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.